மருந்துக்கு மிஞ்சிய வண்டுகள்

மார்ச் 4

தங்கச்சிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கத்தான் எழுதினேன் என்றால் நீ நம்பமாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதோடு இரண்டு பிளாஸ்டிக் டப்பா வரும். மூடியில் ஊசியால் ஓட்டை போட்டிருக்கிறேன். பார்த்துத் திற, இல்லாவிட்டால் உன் மேசை முழுக்க வண்டு ஓடும். பெரிய டப்பாவில் இருப்பவை, எங்கள் நாலாம் நம்பர் கிடங்கில் கோதுமைக்கு மருந்து வைப்பதற்கு முன்னால் பிடித்தவை. நூறுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சின்ன டப்பாவில் மூன்றே மூன்று. மருந்து வைத்து விரிப்பை எடுத்த பிறகு மூட்டை மேல் நடந்துகொண்டிருந்தவை. தள்ளாடிக்கொண்டு இல்லை, கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி.

பதினெட்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். மூட்டைகளை அட்டியாக அடுக்கி, மேலே விரிப்பைப் போர்த்தி, உள்ளே மாத்திரை வைப்போம். காற்றின் ஈரம் பட்டு அது விஷவாயு விடும். ஏழாம் நாள் திறந்தால் உள்ளே உயிர் என்று ஒன்று இருக்காது. மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூணு வண்டுக்கா மூஞ்சியை இப்படி வெச்சிருக்கே? நசுக்கிட்டு வேலையைப் பாரு" என்றார். எனக்கு நசுக்கத் தோன்றவில்லை.

நீ படித்தது இதைத்தானே. பார்த்துச் சொல். ஆபீஸ் தாளில் வேண்டாம். உன் ரிப்போர்ட் ஒன்றை ஒருமுறை படித்ததே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

போன் செய்யாதே. இங்கே இருப்பது ஒரே போன், அதுவும் மேலாளர் மேசையில். தவிர, நாம் இருவரும் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணனுக்கு,

டப்பாக்கள் வந்தன. என் கல்யாணத்துக்கு வராத ஆளின் கையெழுத்தைப் பார்சல் மேல் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். "உங்க அண்ணன் இப்பதான் பரிசு அனுப்பறாரா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். நூற்றுப் பன்னிரண்டு உயிர்.

செய்தது இதுதான். ஒரு கண்ணாடிக் குடுவையில் அதே வாயுவை அளந்து நிரப்பி, உன் வண்டுகளை உள்ளே விட்டேன். ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடத்தில் கவிழ்ந்து அசையாமல் கிடக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். பெரிய டப்பாவில் நூற்றொன்பது. முதலாவது நாலாவது நிமிடத்தில் விழுந்தது. மற்றவை முன்னும் பின்னுமாக விழுந்தன. இருபதாவது நிமிடத்துக்குள் நூற்றேழு அடங்கிவிட்டன. இரண்டு மட்டும் நடந்துகொண்டே இருந்தன. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒன்று, நாற்பத்தாறில் இன்னொன்று.

அப்புறம் உன் மூன்றை விட்டேன். நாற்பது, நாற்பத்து நாலு, ஐம்பத்தொன்று. கவிழ்ந்ததும் வெளியே எடுத்துக் காற்றில் வைத்தேன். மறுநாள் மூன்றும் எழுந்து நடந்தன.

வண்டுகள் மருந்துக்குப் பழகிவிட்டன என்று நினைத்திருப்பாய். பழகவில்லை. எந்த வண்டும் தன் ஆயுளில் இதைக் கற்றுக்கொள்வதில்லை. பெரிய டப்பாவில் அந்த இரண்டும் நீ மருந்து வைப்பதற்கு முன்பே இருந்தன, கவனித்தாயா? பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவை. ஒரே வயிற்றில் பிறந்து நீ நெட்டையாகவும் நான் குட்டையாகவும் இல்லையா, அந்த மாதிரி. கூட்டத்தில் எப்போதும் பல வகை இருக்கும். உன் மருந்து ஒரு சல்லடை. எது விழவேண்டும், எது தங்கவேண்டும் என்று அது பிரிக்கிறது. தங்கியவைதான் அடுத்த தலைமுறைக்கு அப்பா, அம்மா.

மூன்று கேள்வி. விரிப்பை எத்தனை நாள் மூடி வைக்கிறாய்? விரிப்பில் கிழிசல் உண்டா? ஓரத்தில் மணல் பைகள் இடைவெளி இல்லாமல் கிடக்கின்றனவா? உண்மையாகப் பதில் எழுது. அந்த மூன்றையும் நான் கொல்லவில்லை. மாவு போட்டு ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன்.

தங்கை


மார்ச் 24

பூச்சிக்கு,

(சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் வண்டு வளர்த்த உன்னை அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். கோபம் இருந்தால் தலைப்பை அடித்துவிட்டுப் படி.)

ஏழு நாள். கிழிசல் இல்லை. மணல் பை சரியாக இருக்கிறது. உன் மூன்று கேள்விக்கும் பதில் முடிந்தது.

நீ கேட்ட தொனி எனக்குப் பழைய தொனிதான். மூன்று வருடத்துக்கு முன்னால் என் கிடங்குச் சரக்கு உன் மேசைக்கு வந்தது. "உயிருள்ள பூச்சி காணப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அது யார் பொறுப்பில் இருந்த சரக்கு என்று உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். நீ எழுதியது மூன்றே வார்த்தை. அதற்கு நான் மூன்று படி கீழே இறங்கி இந்த ஊருக்கு வந்தேன். பிறகு நீ கல்யாணப் பத்திரிகை அனுப்பினாய். என்ன முகத்தோடு வருவேன்?

போகட்டும். இங்கே உன் அண்ணிக்குச் சந்தோஷம்தான். ஊழியர் வீடு, இரண்டு அறை, வாடகை இல்லை. நாலாம் நம்பர் கிடங்கின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. இன்னொன்றில் எடைக்காரர். லாரிகளை எடை மேடையில் ஏற்றி இறக்கும் மனுஷன். பெரிய தொந்தியைத் தட்டிக்கொண்டு, "நம்மளை மட்டும் மேடையில ஏத்தாதீங்கப்பா, மெஷின் கெட்டுரும்" என்பார். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருப்பதால், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். சாப்பிட்டுவிட்டு உன் அண்ணியிடம் போதவில்லை என்பார், அவளும் மறுபடி போடுவாள்.

இந்தத் தடவை விரிப்பை எடுத்தபோது நான் எண்ணவில்லை. மூன்றுக்கு மேலே இருந்தன.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணனுக்கு,

தலைப்பை அடிக்கவில்லை. ஆனால் கோபம் இருக்கிறது.

நீ அனுப்பிய மூன்றில் இரண்டு பெண், ஒன்று ஆண். பாட்டிலில் முட்டையிட்டுப் பெருகிவிட்டன. அறுபத்து நாலு பிள்ளைகள் வளர்ந்து வண்டானதும் குடுவையில் விட்டேன். பதினேழு இருபது நிமிடத்துக்குள் விழுந்தன, சாதாரண வண்டு மாதிரி. முப்பத்தொன்று அப்பா அம்மா மாதிரி நாற்பது ஐம்பதில் விழுந்தன. மீதிப் பதினாறு விழவேயில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தபோது அவற்றில் இரண்டு இணை சேர்ந்துகொண்டிருந்தன. விஷத்துக்குள்.

இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? உன் மூன்றும் பாதி பலம் உள்ளவை. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ ஒரு பக்கம் மட்டும் அந்தக் குணத்தை வாங்கியவை. பாதி பலம் உள்ளவை ஒன்று சேர்ந்தால், பிள்ளைகளில் சில இரண்டு பக்கமும் வாங்கி முழுப் பலத்தோடு பிறக்கும். அந்தப் பதினாறு அதுதான்.

ஆனால் பாதி பலம் உள்ளது ஏழு நாள் முழு மருந்தில் பிழைக்காது, அண்ணா. பிழைக்கவே முடியாது. நானும் இங்கே ஏழு நாள் மூடி வைத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியென்றால் உன் கிடங்கில் ஏழு நாள் நடக்கவில்லை. அல்லது வாயு வெளியே போகிறது. முழுதாகக் கொன்றிருந்தால் இந்தப் பிள்ளைகள் பிறந்திருக்கவே மாட்டா. அரைகுறையாகக் கொன்று, தாங்குபவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒன்றுக்கொன்று கட்டி வைத்திருக்கிறாய்.

பொய் சொல்லாதே. நீ மறைத்ததை உன் வண்டுகள் எனக்குச் சொல்லிவிட்டன.

தங்கை


மே 12

பூச்சிக்கு,

சரி. எழுதிவிடுகிறேன்.

ஏழு நாள் இல்லை. மூன்று நாள். சில சமயம் இரண்டரை. வாசலில் லாரிகள் வரிசையாக நிற்கும். மேலாளர் வந்து, "இன்னும் எத்தனை நாளைக்குப் பொத்திப் பொத்தி வெச்சிருப்பே? முட்டையா பொரிக்கப் போகுது?" என்பார். நான் முதல் தடவை சண்டை போட்டேன். இரண்டாம் தடவை முணுமுணுத்தேன். மூன்றாம் தடவை நானே மூன்றாம் நாள் காலையில் விரிப்பை எடுத்துவிட்டேன்.

விரிப்புகள் பழசு. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன், டேப் பிரிந்த இடத்தில் அதன் மேல் இன்னொரு டேப். மணல் பைகள் பாதிக்கு மேல் ஓட்டை. செங்கல் வைத்து அழுத்துகிறேன். இரண்டு செங்கலுக்கு நடுவே விரல் நுழையும். புதிதாகக் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்றும் மேலாளரின் இழுப்பறையில் இருக்கும்.

இங்கே வந்த இரண்டு வருடமும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதில் பாதி லாரியில் ஏறிப் போய்விடும், மீதி தரை இடுக்கில் பதுங்கும், என் கண்ணுக்குப் படவில்லை. உன்னிடம் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்காதே. வேறு யாரிடமாவது என்றால் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது விரிப்பை எடுத்தால் மூட்டை மேல் கைப்பிடி கைப்பிடியாக இருக்கின்றன. மேலாளரும் பார்த்துவிட்டார். "ரெண்டு மடங்கு வை" என்றார். வைத்தேன். போன வாரம் மூன்று மடங்கு. கொஞ்சம் குறைந்தது போலத் தெரிகிறது. அடுத்த வாரம் பின்சுவர் ஓரத்து அட்டிக்கும் அப்படியே வைக்கப்போகிறேன்.

உன் அண்ணிக்குப் பத்து நாளாகத் தலைவலி, வாந்தி. வெயில் என்கிறாள். எடைக்காரரும் சோறு வேண்டாம் என்கிறார், அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை இப்போதுதான் கேட்கிறேன். வெயில்தான் போல.

அண்ணன்


மே 17

அண்ணா,

வெயில் இல்லை.

உன் கடிதத்தை இன்று காலை பிரித்தேன். உடனே உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். ஏழு தடவை. நாலு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்று தடவை உன் மேலாளர் எடுத்தார். "கிடங்குல இருக்கார், அப்புறம் பேசுங்க" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நாங்க பார்த்துக்கறோம்மா" என்று வைத்துவிட்டார். சொன்னாரா உன்னிடம்?

அண்ணியையும் எடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வா. சாமான் எதுவும் எடுக்காதே. அந்த வாயு சுவரில் விரிசல் இருந்தால் போதும், குழாய் ஓட்டை இருந்தால் போதும். நாற்றம் இல்லையே என்று நினைக்காதே. அதன் நாற்றத்தைத் தானியமே உறிஞ்சிவிடும். நாற்றம் போன பிறகும் வாயு இருக்கும். வண்டைக் கொல்லப் போதாத அளவு மனிதனைக் கொல்லப் போதும்.

பின்சுவர் அட்டிக்கு மருந்து வைக்காதே. வைத்திருந்தால் வீட்டுக்குள் போகாதே.

இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரே வரி.

தங்கை


மே 26

பூச்சிக்கு,

உன் கடிதம் இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. எடைக்காரர் இருபத்தொன்றாம் தேதி போய்விட்டார்.

உன் போனைப் பற்றி மேலாளர் என்னிடம் சொல்லவில்லை. பதினெட்டாம் தேதி பின்சுவர் அட்டிக்கு மூன்று மடங்கு வைத்தேன். இருபதாம் தேதி உன் அண்ணிக்குத் தலை சுற்றல் தாங்கவில்லை. அவளை அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். எடைக்காரர் வாசல் வரை வந்தார், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே. "நீங்களும் வாங்களேன், நாலு நாள் இருந்துட்டு வரலாம்" என்று உன் அண்ணி சொன்னாள். "நான் வந்துட்டா லாரிக்காரன்லாம் தன் இஷ்டத்துக்கு எடை சொல்லுவானே" என்றார்.

இருபத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நான் திரும்பி வந்தேன். எடை மேடையில் முதல் லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கதவை உடைத்துப் போனோம். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டாக்டர் வந்து, தொந்தியைப் பார்த்து, வயதைக் கேட்டு, மாரடைப்பு என்று எழுதினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேரன் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி வந்து சேர்ந்தபோது பெட்டியில் குழந்தையின் போட்டோ இருந்தது, அவருக்குக் காட்ட எடுத்தது.

எல்லாரும் போன பிறகு கட்டிலை இழுத்துப் பார்த்தேன். பின்னால் மின்சார வயர் நுழைகிற ஓட்டை. என் கைமுட்டி போகும். நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். விரல்நுனியில் விரிப்பு பட்டது.

மறுநாள் சிமெண்ட் குழைத்து அடைத்தேன். மேல் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன்.

யாருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்ததும் கிழித்துப் போடு.

அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

கிழிக்கவில்லை.

மூன்று நாள் எழுத உட்கார்ந்து எழுந்தேன். முதல் நாள் எழுதியதில் நீ கொலைகாரன் என்று இருந்தது. இரண்டாம் நாள் எழுதியதில் நீ என்ன செய்வாய், பாவம் என்று இருந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உன் வீடு கிடங்குச் சுவரோடு ஒட்டியது என்று மார்ச்சிலேயே எழுதியிருந்தாய். வாயு வெளியே போகிறது என்று ஏப்ரலில் நானே கண்டுபிடித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீ பொய் சொன்னாய் என்று நிரூபிப்பதிலேயே குறியாக இருந்தேன். அறுபத்து நாலு வண்டில் எது எந்த நிமிடத்தில் விழுந்தது, எது விழவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் எங்கே தலை வைத்துப் படுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அதை இனி நான் சுமக்கவேண்டும்.

ஆனால் நீ அந்த ஓட்டையை அடைத்தாயே, அதை நான் சுமக்கமாட்டேன். அவர் மனைவி வாழ்நாள் முழுக்க, சாப்பாட்டைக் குறைத்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார். அந்த வீட்டுக்கு நாளை இன்னொரு குடும்பம் வரும். மேலாளர் நாலு மடங்கு வைக்கச் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன் உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் எழுதினேன். இந்தத் தடவை முன்கூட்டிச் சொல்கிறேன். நீயே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடு. இந்த மாதம் இருபதாம் தேதிவரை பார்ப்பேன். அதன் பிறகு உன் கடிதங்களை எடுத்துக்கொண்டு நான் போவேன்.

அண்ணிக்கு இப்போது எப்படி இருக்கிறது, இருமலோ மூச்சுத்திணறலோ உண்டா? டாக்டரிடம் வாயுவைப் பற்றிச் சொல்லி அவரைக் காட்டு.

தங்கை


ஜூலை 9

பூச்சிக்கு,

உன் அண்ணியிடமிருந்து எல்லாம் கேள்விப்பட்டிருப்பாய். இருந்தாலும் என் கையால் எழுதுகிறேன்.

போன மாதம் பதினெட்டாம் தேதி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். எழுதிக்கொண்ட அதிகாரி நடுவில் பேனாவை வைத்துவிட்டு, "இதெல்லாம் உங்களை யாரும் கேட்கலையே சார்" என்றார். கேட்கவில்லைதான் என்றேன். சுவரை உடைத்துப் பார்த்தார்கள். சிமெண்ட் புதிது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கிடங்கைப் பூட்டி, எடை நோட்டுகளை எல்லாம் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு வேலை போயிற்று, வீடும் போயிற்று. இப்போது உன் அண்ணியின் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறோம். வழக்கு வரும். மேலாளர், நான் அளவு மீறி வைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் எழுதிக் கொடுத்த மூன்று மனுக்களும் இழுப்பறையில் இல்லையாம்.

ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் எடைக்காரர் மனைவியைப் பார்க்கப் போனேன். மகள் வீட்டில் இருந்தார். மடியில் குழந்தை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். குழந்தையின் துணியைச் சரிசெய்தார். அப்புறம், "அவருக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"தெரியலைம்மா."

"அந்த ஓட்டையை எப்ப அடைச்சீங்க?"

"மறுநாள்."

"அடைக்கணும்னு தெரிஞ்சிருக்கே உங்களுக்கு" என்றார். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. கத்தியிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பேன், எப்படியோ தூங்கியிருப்பேன்.

உன் அண்ணிக்கு இருமல் குறைந்திருக்கிறது. மாடி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் தேவைக்கு மட்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். இது வேலை.

போன வாரம் இரண்டு பார்சல் வந்தன. ஒன்று வடக்கே ஒரு மாவு மில்லிலிருந்து, ஒன்று துறைமுகத்துக் கிடங்கிலிருந்து. இரண்டையும் அனுப்பியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். இருவரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருக்கிறார்கள்: மருந்து வைத்தும் சாகவில்லை.

நூறு நூறாகக் குடுவையில் விட்டேன். மார்ச்சில் உன் வண்டுகள் விழுந்த நிமிடங்களை ஒரு தாளில் புள்ளி வைத்திருந்தேன். நாலு, ஏழு, பதினொன்று, பதினெட்டு என்று புள்ளிகள் பரவிக் கிடக்கும். சீக்கிரம் விழுவது, தாமதமாக விழுவது, நடுவில் விழுவது, எல்லாம் கலந்த கூட்டம். இந்தப் புதுத் தாளில் இடப்பக்கம் காலி. ஒரு புள்ளி இல்லை. நூறில் தொண்ணூற்றாறு விழவே இல்லை. கலப்பே இல்லாமல் ஒரே மாதிரி ஆகிவிட்டன. ஒரு கூட்டத்திலிருந்து மற்ற எல்லா வகையும் கழிந்து போனால் இப்படித்தான் இருக்கும். உன் மூன்றின் பேரப்பிள்ளைகளை இன்னும் வைத்திருக்கிறேன். அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சொந்தம்தான்.

வேறு மருந்து இருக்கிறது, வேறு வழி இருக்கிறது. நன்றாக மூடினால், நாள் கூட்டினால் இவையும் சாகும். ஆனால் எங்கெங்கே போயிருக்கின்றன என்று தெரியவேண்டும். எடை நோட்டுகள் போலீஸிடம். கேட்டால் வழக்கு முடியட்டும் என்கிறார்கள். மேலாளர் பேசமாட்டார். நாலாம் நம்பர் கிடங்கிலிருந்து இரண்டு வருடம் எந்த லாரி எங்கே போனது என்று எடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு அடுத்தபடி உனக்கு.

நினைவிலிருந்து எழுதி அனுப்பு. எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு.

தங்கை


ஆகஸ்ட் 19

பூச்சிக்கு,

பட்டியல் பின்பக்கத்தில் இருக்கிறது. பத்தொன்பது இடம். உன் அண்ணிதான் பக்கத்தில் உட்கார்ந்து ஞாபகப்படுத்தினாள். லாரிக்காரர்களுக்கு அவள்தான் தண்ணீர் கொடுப்பாள், யார் எந்த ஊர் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

ஆனால் பட்டியலைத் தபாலில் போட்டுவிட்டுச் சும்மா வீட்டில் இருக்க முடியவில்லை. எனக்கு வண்டைப் பற்றிப் பயம் இல்லை. இந்தப் பத்தொன்பது இடத்திலும் என்னை மாதிரி ஒருவன் இருப்பான். மூன்றாம் நாள் விரிப்பை எடுப்பான். வண்டு நடப்பதைப் பார்ப்பான். அப்புறம் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும், அதை எந்தக் குடுவையிலும் விட்டுப் பார்க்க வேண்டாம். ஊரை விட்டுப் போகாதே என்று யாரும் எனக்கு எழுத்தில் தரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

முதல் இடத்தில் உள்ளேயே விடவில்லை. இரண்டாம் இடத்தில் உட்காரவைத்துக் கேட்டார்கள். விரிப்புகளை நானே போய் விரித்துப் பார்த்துக் கிழிசல்களைக் காட்டினேன். மாற்றுவதாகச் சொன்னார்கள். மாற்றுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இது மூன்றாம் இடம். காலை பதினோரு மணிக்கு வந்தேன். மருந்து வைக்கிறவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மாதிரி. எடுத்த எடுப்பிலேயே, "ஆமாங்க, சாகவே மாட்டேங்குது. நேத்துதான் மூணு மடங்கு போட்டேன், பார்ப்போம்" என்று சிரித்தார். "சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?" என்று கேட்டேன். "சுமை தூக்கறவங்க வீடு. ஏன்?" என்றார்.

ஓடினேன். ஒரே நீள அறை, ஜன்னல் ஒன்று, அதுவும் சாத்தியிருந்தது. காலை ஷிப்ட் இல்லாதவர்கள் படுத்திருந்தார்கள். கதவைத் தட்டினேன், உதைத்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து வந்தது. முதல் ஆளைக் காலைப் பிடித்து இழுத்தேன். அவன் எழுந்து என் கன்னத்தில் ஒன்று விட்டான். அவனை வெளியே தள்ளிவிட்டு அடுத்தவனை இழுத்தேன். ஒருவன் வாந்தி எடுத்தான். ஒருவனை எழுப்ப முடியவில்லை, நானும் என்னை அடித்தவனுமாகத் தூக்கிவந்தோம். ரோட்டோரம் மரத்தடியில் போட்டதும் இருமினான். கண்ணைத் திறந்தான்.

ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. காவலாளி போலீஸுக்கும் போன் செய்துவிட்டான், யாரோ ஒரு பைத்தியம் கதவை உடைத்தான் என்று. மருந்து வைக்கிறவர் கிடங்கு வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எதிரே மைல்கல் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் வெளியே வர எத்தனை நாள் ஆகுமோ. பின்பக்கப் பட்டியலில் முதல் இடத்தையும், நாலாவதிலிருந்து மற்றவற்றையும் நீ பார்த்துக்கொள். கடிதம் எழுதாதே. போன் செய். மேலாளர் எடுத்தால் வைத்துவிட்டு மறுபடி செய், மருந்து வைக்கிற ஆள் லைனுக்கு வரும்வரை செய்.

இங்கே எல்லாரும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். இழுத்ததில் ஒருவனுக்கு முழங்கை சிராய்த்துவிட்டது, அவன்தான் சத்தமாகத் திட்டுகிறான். கடைசியாகத் தூக்கிவந்தவனும் இப்போது எழுந்து உட்கார்ந்து, ஈனக் குரலில் ஏதோ திட்டுகிறான். அறைக்குள் திரும்பிப் போய்ப் பார்த்தேன், யாரும் இல்லை. வெளியே வந்து இரண்டு தடவை எண்ணினேன்.

ஆறு பேர் படுத்திருந்தார்கள். ஆறு பேரும் திட்டுகிறார்கள்.

அண்ணன்